வேடிக்கை பார்க்கிற உரிமை

அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் செங்குத்தான மலை. இன்னொரு பக்கம் பள்ளத்தில் நுரை தள்ளும் நீலக் கடல். நடுவில் வளைந்து வளைந்து போகும் தார் ரோடு. ரோட்டோரம் ஒரு பழைய வோக்ஸ்வாகன் வேன், அதன் கூரையில் அலைச்சறுக்குப் பலகை. ஹாஸ்டல் சுவரில், டிராவல்ஸ் காலண்டரில், செல்போன் திரையில் எல்லாம் இதே படம்தான். படத்தில் மனிதர் யாரும் இருக்க மாட்டார்கள். அதுதான் அந்தப் படத்தின் கவர்ச்சியே. யாரும் இல்லாத கடல், யாரும் இல்லாத மலை, நீங்கள் வந்து பார்ப்பதற்காகவே காத்துக் கிடக்கிற உலகம்!

அந்த ரோட்டுக்குப் பெயர் மாநில நெடுஞ்சாலை 1. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பசிபிக் கடலை ஒட்டி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. வேனை வாடகைக்கு எடுத்து, அதிலேயே சமைத்து, அதிலேயே தூங்கி, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வரை போவது உலகத்திலேயே அழகான பயணம் என்கிறார்கள். அழகில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அழகுதான்.

'இதெல்லாம் நமக்கு என்னத்துக்கு? காசுள்ளவன் ஊர் சுற்றுகிறான், சுற்றட்டும். நமக்குக் கூலியும் நிலமும்தானே பிரச்சினை' என்று சில தோழர்கள் கேட்கலாம். உழைப்பைப் பற்றி மட்டும்தான் நாம் பேச வேண்டும், ஓய்வைப் பற்றிப் பேசக் கூடாது என்று யார் விதித்தது? காலை நீட்டி உட்கார்ந்து கடலை வேடிக்கை பார்ப்பது ஒரு சாராரின் தனிச் சொத்தாக எப்படி ஆனது என்பது நிலப் பிரச்சினைதான். கூலிப் பிரச்சினையும்தான். அந்த நெடுஞ்சாலையையே எடுத்துப் பார்ப்போமே.

முதல் கேள்வி: ரோட்டைப் போட்டது யாரு?

படங்களில் வருகிற பகுதிக்குப் பெயர் பிக் சர். மலை நேராகக் கடலில் இறங்குகிற இடம். அங்கே ரோடு போடும் வேலை 1919இல் தொடங்கி 1937இல்தான் முடிந்தது. பதினெட்டு வருஷம். பாறையை வெடி வைத்துப் பிளந்து, சரிவைச் செதுக்கி ரோடு இழுக்க வேண்டும். அந்தக் காட்டுக்குள் வந்து தங்கிக் கஷ்டப்படக் கூலியாட்கள் கிடைக்கவில்லை. உடனே அரசு என்ன செய்தது? சான் குவென்டின் சிறையிலிருந்து கைதிகளைக் கொண்டு வந்தது. லிட்டில் சர் ஆறு, கிர்க் கிரீக், ஆண்டர்சன் கிரீக் ஆகிய மூன்று இடங்களில் கைதி முகாம் போட்டார்கள். நாள் முழுக்கப் பாறை உடைத்தால் 35 சென்ட் கூலி, தண்டனைக் காலத்தில் கொஞ்சம் கழிவு. 1932இல் கட்டி முடித்த பிக்ஸ்பி பாலத்தைப் படம் பிடிக்காத சுற்றுலாப் பயணி கிடையாது. பாலத்தின் நீளம், உயரம், வளைவு என்று வழிகாட்டிப் புத்தகங்கள் கணக்குச் சொல்லும். 35 சென்ட் கணக்கு ஏதாவது ஒரு மூலையில் பொடி எழுத்தில் கிடக்கும், அதுவும் சுவாரசியமான துணுக்கு மாதிரி.

சரி, ரோட்டுக்கு முன்னால் அங்கே யார் இருந்தார்கள்? 'யாருமே இல்லாத காடு' என்பது சுற்றுலாக்காரர்கள் சொல்கிற கதை. எஸ்ஸலென், சலினன், ஓலோனி என்று பல பூர்வகுடி மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்த இடம் அது. 1770இல் ஹூனிபெரோ செர்ரா என்ற ஸ்பானியப் பாதிரியார் மாண்டரேயில் மிஷன் தொடங்கினார். அடுத்த வருஷம் அது கார்மெலுக்கு மாறியது. ஞானஸ்நானம் வாங்கியவர்கள் மிஷனை விட்டு வெளியேறக் கூடாது. ஓடினால் பிடித்து வந்து சவுக்கடி. அவர்கள் உழைப்பில்தான் மிஷன் நிலங்கள் விளைந்தன. அந்தப் பாதிரியாருக்கு 2015இல் போப் புனிதர் பட்டம் கொடுத்தார், பூர்வகுடி மக்கள் தெருவில் நின்று எதிர்த்தபோதும். ஸ்பானியர் போய், மெக்சிகோ போய், அமெரிக்கர்கள் வந்ததும் 1850இல் ஒரு சட்டம் போட்டார்கள். பெயரைக் கேளுங்கள்: 'இந்தியர்களை ஆள்வதற்கும் பாதுகாப்பதற்குமான சட்டம்'. வேலையில்லாமல் திரிகிற பூர்வகுடியைப் பிடித்து, அதிக விலை கேட்பவருக்கு நாலு மாசம் வரை வேலைக்கு ஏலம் விடலாம் என்றது அந்தப் 'பாதுகாப்பு'! 1840களின் நடுவில் சுமார் ஒன்றரை லட்சமாக இருந்த கலிபோர்னியப் பூர்வகுடிகள் 1870களின் தொடக்கத்தில் சுமார் முப்பதாயிரம் ஆகிப் போனார்கள். காடு 'யாருமே இல்லாத' காடாக ஆனது இப்படித்தான்.

2020இல் எஸ்ஸலென் மக்களுக்கு லிட்டில் சர் ஆற்றங்கரையில் 1,199 ஏக்கர் திரும்பக் கிடைத்தது. இருநூற்றைம்பது வருஷம் கழித்து. நல்ல செய்திதான், வாழ்த்தத்தான் வேண்டும். ஆனால் எப்படிக் கிடைத்தது தெரியுமா? மாநில அரசு 45 லட்சம் டாலர் மானியம் கொடுக்க, தனியாரிடமிருந்து அந்த நிலம் விலைக்கு வாங்கப்பட்டது. பறிக்கும்போது விலை பேசவில்லை. திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் சந்தை விலை.

வடக்கே கொஞ்சம் போனால் பசிபிக் குரோவ் என்ற ஊர். வேன் பயணிகள் கட்டாயம் நிற்கிற இடம், பக்கத்திலேயே பிரமாண்டமான மாண்டரே விரிகுடா மீன் காட்சியகம். அந்தக் கடலோரத்தில் பாயின்ட் அலோன்ஸ் என்ற இடத்தில் சீன மீனவர் குப்பம் ஒன்று இருந்தது. ஐம்பது வருஷக் குடியிருப்பு. பிள்ளை குட்டியோடு குடும்பம் குடும்பமாக வாழ்ந்தார்கள். மற்ற மீனவர்கள் பகலில் கடலை எடுத்துக்கொள்ள, இவர்கள் ராத்திரியில் படகில் தீப்பந்தம் கட்டிப் போய்க் கணவாய் பிடித்தார்கள். பிடித்ததைக் கரையில் காயப் போட்டார்கள்.

வந்தது வினை. பசிபிக் குரோவ் என்பது 1875இல் மெதடிஸ்ட் கிறிஸ்தவர்கள் ஆன்மிக ஓய்வுக்காக உண்டாக்கிய ஊர். ஜெபம் பண்ண வந்தவர்களுக்கும் காற்று வாங்க வந்தவர்களுக்கும் கணவாய் நாற்றம் தாங்கவில்லையாம். 'நாற்றம்' என்ற சொல் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும் தோழர்களே. யார் உடம்பில் நாற்றம், யார் தொழிலில் நாற்றம், யார் தெருவில் நாற்றம் என்று சொல்லத் தொடங்குகிறவன் அடுத்தபடியாக என்ன கேட்பான் என்று நமக்குத் தெரியும். குப்பம் இருந்த நிலம் ரயில்வே முதலாளிகளின் கம்பெனிக்குச் சொந்தம். காலி பண்ணச் சொன்னார்கள், சீனர்கள் மறுத்தார்கள். 1906 மே 16ஆம் தேதி ராத்திரி குப்பம் எரிந்தது. எரிந்த வீடுகளில் மிச்சமிருந்ததை வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் அள்ளிக்கொண்டு போனது. திரும்பக் குடிசை கட்ட வந்தவர்களை வேலி போட்டுத் தடுத்தார்கள். இன்றைக்கு அங்கே ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு நிலையம் இருக்கிறது. பக்கத்துக் காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நீந்துகிற மீனைப் பார்க்க டிக்கெட் வாங்கணும். 2022இல் நகரமன்றம் மன்னிப்புக் கேட்டது. 116 வருஷம் ஆகியிருக்கிறது அதற்கு.

வாட்சன்வில் என்ற ஊரையும் இதே நெடுஞ்சாலை தொட்டுப் போகிறது. 1930 ஜனவரியில் அங்கே பிலிப்பினோ விவசாயக் கூலிகள் மீது வெள்ளையர் கும்பல் பல நாள் வெறியாட்டம் ஆடியது. காரணம், ஒரு நடனக் கூடத்தில் பிலிப்பினோ ஆண்கள் வெள்ளைக்காரப் பெண்களோடு ஆடினார்கள். அவ்வளவுதான். கூலிக் குடியிருப்பைத் துப்பாக்கியால் சுட்டதில் 22 வயசு பெர்மின் டோபேரா செத்துப் போனார். லெட்டூஸ் பறிக்க ஆள் வேண்டும், ஆனால் அந்த ஆளுக்கு ஆசாபாசம் இருக்கக் கூடாது. இதற்கு மேல் விளக்கம் எழுத வேண்டியதில்லை, படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

நான் அதிகம் சொல்ல வந்தது இன்னொரு கடற்கரையைப் பற்றி. லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் பக்கத்தில் மன்ஹாட்டன் பீச் என்ற சிறுநகரம். 1912இல் வில்லா புரூஸ் என்ற கறுப்பினப் பெண்மணி அங்கே கடலைப் பார்த்த மனை ஒன்றை வாங்கினார். கணவர் சார்லஸ் ரயிலில் சமையல்காரர். அந்தக் கடற்கரைகளில் கறுப்பர்கள் இறங்கிக் குளிக்க முடியாது. எழுதப்பட்ட சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அடி விழும். அதனால் வில்லா ஒரு காரியம் செய்தார். கறுப்பின மக்கள் வந்து உடை மாற்ற, சாப்பிட, தங்க, ராத்திரியில் ஆட ஒரு விடுதியை நடத்தினார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். வீட்டு வேலைக்காரிகள், சுமை தூக்குகிறவர்கள், போர்ட்டர்கள் எல்லாரும் வாரத்தில் ஒரு நாள் கடலில் கால் நனைத்தார்கள்.

அதைப் பொறுக்க முடியவில்லை அக்கம்பக்கத்துக்கு. விடுதிக்கும் கடலுக்கும் இடையில் இருந்த நிலத்தை அதன் வெள்ளைக்கார முதலாளி கயிறு கட்டி மறித்தார். கண்ணெதிரே தெரிகிற தண்ணீரைத் தொட அரை மைல் சுற்றிப் போகணும்! போனார்கள். பத்து நிமிஷத்துக்கு மேல் வண்டி நிறுத்தக் கூடாது என்று பலகை வைத்தார்கள். கு கிளக்ஸ் கிளான் ஆட்கள் தீ வைக்கப் பார்த்தார்கள். அப்போதும் வில்லா அசையவில்லை. கடைசியில் நகரசபை தன் ஆயுதத்தை எடுத்தது. 1924இல் 'பொதுப் பூங்கா' கட்டப் போவதாகச் சொல்லி நிலத்தைக் கையகப்படுத்த உத்தரவு போட்டது. புரூஸ் குடும்பம் 1,20,000 டாலர் நஷ்டஈடு கேட்டது, கிடைத்தது 14,500. அடுத்தவர் ஓட்டலில் சமையல் வேலைக்குப் போனார்கள் அந்த விடுதியின் முதலாளிகள். பூங்கா? பல பத்து வருஷத்துக்கு அந்த இடம் வெறுமனே கிடந்தது.

கதை அத்தோடு முடியவில்லை. மாணவர்கள் கவனிக்க வேண்டிய பகுதி இதுதான். விடுதி போனபிறகும் கறுப்பின மக்கள் கடலுக்கு வந்தார்கள். உடனே நகரசபை, பொதுக் கடற்கரையை ஒரு தனியாருக்குப் பெயரளவுக்கு ஒரு டாலருக்குக் குத்தகை விட்டது. இப்போது அது 'தனியார் இடம்'. நுழைந்தால் அத்துமீறல். 1927 கோடையில் 19 வயசுக் கல்லூரி மாணவி ஒருத்தி கடலில் இறங்கினார். கைது செய்து நீச்சல் உடையோடேயே மணிக்கணக்கில் காவலில் வைத்தார்கள். அந்த ஜூலையிலேயே கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் கிளைத் தலைவர், பல் மருத்துவர் கிளாட் ஹட்சன், சில தோழர்களோடு வேண்டுமென்றே போய்க் கடலில் இறங்கினார். அவர்களையும் கைது செய்தார்கள். வழக்கு நடந்தது, கிளர்ச்சி பெரிதாகும் என்று தெரிந்ததும் நகரசபை குத்தகையை ரத்து செய்தது. கடற்கரை திறந்தது.

1927 என்றதும் நமக்கு வேறொன்று ஞாபகம் வரும். அதே வருஷம் மார்ச் 20ஆம் தேதி மகாடில் சவதார் குளத்தில் இறங்கி அண்ணல் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தார். இவர்களுக்கு அவர்களைத் தெரியாது, அவர்களுக்கு இவர்களைத் தெரியாது. நாலு மாச இடைவெளியில் உலகத்தின் இரண்டு மூலைகளில் இரண்டு கூட்டம் தண்ணீரில் இறங்கியிருக்கிறது. ஒன்று குடிக்க, இன்னொன்று குளிக்க. எதிராளி செய்த வேலையைப் பாருங்கள், இன்னும் ஆச்சரியம். மகாடில் சாதி இந்துக்கள் சாணியும் மூத்திரமும் கலந்து குளத்துக்குத் 'தீட்டுக்' கழித்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். அதைவிட முக்கியமான வேலையை மகாடு நகராட்சி செய்தது. குளத்தை எல்லாருக்கும் திறந்து 1924இல் தான் போட்ட தீர்மானத்தை 1927 ஆகஸ்டில் தானே ரத்து செய்தது. அங்கே நகரசபை கடலைக் குத்தகைக்கு விட்டது, இங்கே நகராட்சி தீர்மானத்தை வாபஸ் வாங்கியது. தடி எடுத்தவனை மட்டுமே பார்த்துக் கொண்டிருந்தால் பேனா எடுத்தவன் தப்பித்துக்கொள்வான்.

புரூஸ் குடும்பத்துக் கொள்ளுப் பேரப் பிள்ளைகளிடம் நிலம் 2022இல் திரும்பக் கொடுக்கப்பட்டது. 2023 ஜனவரியில் அவர்கள் அதை மாவட்ட நிர்வாகத்துக்கே சுமார் இரண்டு கோடி டாலருக்கு விற்றுவிட்டார்கள். 'போராடி வாங்கிய நிலத்தை விற்கலாமா' என்று சிலர் குறைபட்டுக் கொண்டார்கள். எனக்கு அந்தக் குறை நியாயமாகப் படவில்லை. வெள்ளைக்காரர் வீடு விற்றால் அது வியாபாரம், கறுப்பர் விற்றால் மட்டும் துரோகமா? அதோடு, அந்த இடத்தில் அந்தக் குடும்பம் திரும்ப ஒரு விடுதி கட்ட நகர விதிகளே இடம் கொடுக்கவில்லை. பணத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று முடிவு செய்ய அவர்களுக்குத் தெரியும்.

பயணம் என்பதே எல்லாருக்கும் ஒன்றல்ல. 1936இல் விக்டர் கிரீன் என்ற ஹார்லெம் வாசி ஒரு வழிகாட்டிப் புத்தகம் போட்டார். தபால்காரர் அவர். எந்த ஊரில் எந்த ஓட்டலில் கறுப்பருக்கு அறை தருவார்கள், எந்த பெட்ரோல் பங்கில் அடிக்காமல் பெட்ரோல் போடுவார்கள் என்பதுதான் புத்தகம். முப்பது வருஷம் அது வெளிவந்தது. மற்றவர்களின் வழிகாட்டியில் 'பார்க்க வேண்டிய இடங்கள்' இருந்தன. இவர்களுடையதில் உயிரோடு தங்கக்கூடிய இடங்கள்.

கிட்டத்தட்ட அதே காலத்தில்தான், 1935-36 வாக்கில், அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சிறு நூலை எழுதினார். அச்சானது 1990இல். அதிலே வருகிற சம்பவங்களை வரிசையாகப் பாருங்கள், பாதிக்கு மேல் பயணங்கள். 1901இல் அப்பாவைப் பார்க்கப் போன சின்னப் பையன்களுக்கு மாட்டு வண்டிக்காரன் வண்டி ஓட்ட மறுக்கிறான், இரட்டைக் கூலி வாங்கிக்கொண்டு பையன்களையே ஓட்டச் சொல்கிறான். 1934இல் நடந்தது சுத்தமான சுற்றுலா. முப்பது பேர் போல பஸ் பிடித்து வேரூல் குகைகளைப் பார்க்கக் கிளம்புகிறார்கள், வழியில் தௌலதாபாத் கோட்டை. யாரென்று தெரிந்தால் வம்பு என்று சத்தமில்லாமல் போகிறார்கள். கோட்டை வாசல் தொட்டியில் புழுதி போக முகம் கழுவியதும் கலாட்டா. வேடிக்கை பார்க்கப் போன இடத்தில் தங்களையே வேடிக்கைப் பொருளாக நிறுத்திவிட்ட கதை அது. ஓய்வும் உல்லாசமும் நம் பிரச்சினை இல்லை என்கிற தோழர்கள் அந்த நூலை இன்னொரு தரம் புரட்ட வேண்டும்.

கேம்பர் வேன் பயண எழுத்துக்கெல்லாம் மூலவர் ஜான் ஸ்டைன்பெக். இந்த நெடுஞ்சாலைக்குப் பக்கத்து ஊரான சலினாஸில் பிறந்தவர். 1960இல் ஒரு டிரக்கின் மேல் கூண்டு கட்டி, 'ரோசினான்டே' என்று டான் குவிக்சாட்டின் குதிரைப் பெயரை அதற்கு வைத்து, சார்லி என்ற நாயோடு நாட்டைச் சுற்றினார். நல்ல மனுஷன்தான். நியூ ஆர்லியன்ஸில் பள்ளிக்கூடம் போன ஒரு கறுப்புச் சிறுமியை வெள்ளைக்காரப் பெண்கள் கூடி நின்று வசை பாடியதைப் பார்த்து அருவருத்து எழுதினார். ஆனால் அங்கே இன்னொன்றையும் அவர் பதிவு செய்திருக்கிறார். முன் சீட்டில் உட்கார்ந்திருந்த நாயைத் தூரத்திலிருந்து பார்த்தவன் கறுப்பன் என்று நினைத்துவிட்டு, அதைச் சொல்லிச் சிரிக்கிறான். நாய் என்று தெரிந்ததும் பிரச்சினை தீர்ந்துவிட்டது! சீட்டில் நாய் உட்காரலாம். சும்மாவா சொன்னார்கள் நம் ஆட்கள், நாய் போகிற தெருவில் நாங்கள் போகக் கூடாதா என்று.

'அதெல்லாம் பழைய கதை, இப்போது கலிபோர்னியாவில் கடற்கரை எல்லாருக்கும் பொது' என்பார்கள். உண்மை. 1972இல் மக்கள் ஓட்டுப் போட்டும், 1976இல் சட்டமன்றம் சட்டம் இயற்றியும் அதை உறுதிப்படுத்தினார்கள். அந்த மாநில மக்களை இதற்காகப் பாராட்டியே ஆகணும். ஆனால் சட்டம் வந்ததும் பணக்காரர் வேறு வழி பார்த்தார்கள். மாலிபுவில் வீட்டு முன்னால் போலி 'நோ பார்க்கிங்' பலகை, திறக்கவே திறக்காத போலி காரேஜ் கதவு. கடல் பொதுதான், ஆனால் கடலுக்குப் போகிற சந்து என்னுடையது.

இதில் உச்சம் ஹாஃப் மூன் பே பக்கத்தில் உள்ள மார்ட்டின்ஸ் பீச். நெடுஞ்சாலையிலிருந்து ஒரே பாதை. பழைய உரிமையாளர்கள் வண்டிக்குக் கொஞ்சம் காசு வாங்கிக்கொண்டு எல்லாரையும் விட்டார்கள். 2008இல் 3 கோடியே 25 லட்சம் டாலருக்கு அந்த நிலத்தை வாங்கிய புது உரிமையாளர் கொஞ்ச காலத்தில் கேட்டைப் பூட்டினார். யார் அவர்? நம் நாட்டில் பிறந்து, ஐஐடியில் படித்து, சிலிக்கான் பள்ளத்தாக்கில் கோடீஸ்வரர் ஆன வினோத் கோஸ்லா. அலைச்சறுக்கு விளையாடுகிறவர்களின் அமைப்பு வழக்குப் போட்டது. அனுமதி வாங்காமல் பூட்டியது தப்பு என்று 2014இல் தீர்ப்பு. மேல்முறையீட்டிலும் தோல்வி. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவர் மனுவை எடுத்துக்கொள்ளவே மறுத்தது. தன் சொத்துரிமைக்கான கொள்கைப் போராட்டம் இது என்கிறார் அவர். இருக்கலாம். அதே ஹாஃப் மூன் பேயில் 2023 ஜனவரியில் காளான் பண்ணைத் தொழிலாளர் ஏழு பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோதுதான், பண்ணை ஆட்களில் சிலர் மணிக்கு 9 டாலர் கூலியில், சரக்குப் பெட்டகங்களில் குடியிருந்தார்கள் என்று கவர்னரே வந்து சொன்னார். கடல் பார்க்கிற பூட்டிய கேட்டும் அந்தத் தகரப் பெட்டியும் ஒரே ஊர் ஒட்டில் இருந்தன.

அந்தக் கவர்னர் கேவின் நியூசம். புரூஸ் நிலத்தைத் திருப்பிக் கொடுக்கும் சட்டத்தில் 2021இல் கையெழுத்துப் போட்டு, அந்தக் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டவர். 2023 அக்டோபரில், சட்டமன்றம் நிறைவேற்றி அனுப்பிய சாதிப் பாகுபாடு தடை மசோதாவை இருக்கிற சட்டமே போதும் என்று சொல்லித் திருப்பி அனுப்பியவரும் அவரே. நூறு வருஷம் முந்திய அநியாயத்துக்கு மன்னிப்புக் கேட்பது சுலபம். செய்தவன் யாரும் ஓட்டுப் போட உயிரோடு இல்லை.

கடைசியாக அந்த வேனுக்கு வருகிறேன். வேனில் தூங்குவது அந்தக் கடற்கரையில் இரண்டு விதமாக இருக்கிறது. காசு கொடுத்து வாடகைக்கு எடுத்துத் தூங்கினால் 'சுதந்திர வாழ்க்கை'. வீட்டு வாடகை கட்ட முடியாமல் பழைய வண்டிக்குள் தூங்கினால் 'தொல்லை'. லாஸ் ஏஞ்சல்ஸில் வண்டியில் குடியிருப்பதே குற்றம் என்று 1983இலிருந்து ஒரு விதி இருந்தது. உல்லாசப் பயணிக்கும் வீடில்லாதவனுக்கும் வார்த்தைப்படி பொருந்துகிற விதி, பிடிபட்டதோ வீடில்லாதவர்கள் மட்டும். 2014இல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. சாண்டா குரூஸ் நகரமன்றம் 2021இல் புத்திசாலித்தனமாக வேறு மாதிரி எழுதியது: நீளம் 20 அடிக்கு மேற்பட்ட பெரிய வண்டிகள் நள்ளிரவிலிருந்து காலை 5 மணி வரை தெருவில் நிற்க அனுமதிச் சீட்டு வேண்டும். ஏழைகள் வாழ்கிற ஓட்டை உடைசல் வண்டிகள் பெரும்பாலும் அந்த அளவுதான். படத்தில் வருகிற அழகான வோக்ஸ்வாகன் வேன் 14 அடி. தப்பித்தது.

அந்த வேனுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. வோக்ஸ்வாகன் ஆலைக்கு 1938இல் அடிக்கல் நாட்டியது ஹிட்லர். காருக்கு அப்போது வைத்த பெயரே நாஜிகளின் உல்லாசப் பயண அமைப்பின் பெயர்தான். ஜெர்மானியத் தொழிலாளி வாரம் 5 மார்க் கட்டினால் கார், குடும்பத்தோடு விடுமுறைப் பயணம் என்று ஆசை காட்டினார்கள். கட்டியவர்களில் ஒருத்தருக்கும் கார் வரவில்லை. யுத்தம் வந்தது, ஆலையில் போர்க் கைதிகளையும் வதைமுகாம் யூதர்களையும் அடிமை வேலை வாங்கினார்கள். யுத்தம் முடிந்து 1950இல் அதே ஆலையிலிருந்து வெளிவந்ததுதான் இந்த வேன். பத்துப் பதினைந்து வருஷத்தில் ஹிப்பிகள் அதில் பூப்படம் வரைந்தார்கள்.

ஹிப்பி வேனைப் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர். இன்னொரு வேனைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. அமெரிக்காவின் மறுகரையில், தெற்குக் கரோலினாவில், ஜான்ஸ் தீவு என்று இருக்கிறது. அடிமைகளின் சந்ததியினர் வாழ்கிற கடலோரத் தீவு. அங்கே ஈசா ஜென்கின்ஸ் என்பவர் தீவு மக்களை வேலைக்கும் பிள்ளைகளைப் பள்ளிக்கும் சார்லஸ்டன் நகரத்துக்குப் பஸ்ஸில் ஏற்றிப் போனார். ஓட்டுரிமைப் பதிவுக்கு அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியைப் படித்துக் காட்ட வேண்டும் என்று அங்கே விதி. எழுத்துத் தெரியாதவர்களைக் கழித்துக் கட்டத்தான் அந்த விதி. போகிற வழியிலேயே, ஓடுகிற பஸ்ஸிலேயே, அந்தப் பகுதியை அவர் சொல்லிக் கொடுத்தார். படிக்கக் கற்றுக் கொடுங்கள் என்று பயணிகளே கேட்டார்கள். 1957இல் அந்தத் தீவில் ஒரு கடையின் பின்னறையில் முதியோருக்கான குடியுரிமைப் பள்ளி தொடங்கியது, தெற்கு மாநிலங்கள் முழுக்க அது பரவியது. பின்னாளில் அவர் ஓட்டியது 1966ஆம் வருஷத்து வோக்ஸ்வாகன் வேன். அதன் பின்கதவில் அன்பு முன்னேற்றம், வெறுப்பு வீண் செலவு என்று பெயிண்டில் எழுதி வைத்திருந்தார். உப்புக் காற்றில் துருப்பிடித்த அந்தப் பின்கதவு இப்போது வாஷிங்டனில் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.